டீச்சர் ஒரு குறையும் சொல்லவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் குளியலறைச் சுவர் என் கைப்பேசிக்கு வந்தது. வெள்ளை டைல், ஓரத்தில் சின்னப் பச்சை இலை. சுங்கை பட்டாணியில் மூன்று கடை ஏறி இறங்கி நீ பொறுக்கி எடுத்தது. நம் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே சேகரின் தொலைபேசி எண்ணும், வீட்டுப் பழுதுவேலை எல்லாம் செய்து தரப்படும் என்ற வரியும் இருந்தன. படத்தை விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் நன்றாகத் தெரிந்தது. தரைக்கு ஒரு சாண் மேலேயே படம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே காட்ட ஒன்றும் இல்லை என்பது சேகருக்கும், உன் வீட்டுக்காரருக்கும், எனக்கும் தெரியும்.

குழுவில் ஆள் வேண்டும் என்று கேட்டது ஜெயந்தி. கடைசி வரிசையில் இருக்கிறாளே, கூலிமில் ஷிப்டு வேலைக்குப் போகிறவள். அவள் கணவருக்குச் சர்க்கரை முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மாதத்தில் வீட்டுக்கு வரப் போகிறார். நம் வீடுகளின் குளியலறை எப்படி என்று உனக்கே தெரியும். சமையலறைக்குப் பின்னால், ஒரு படி ஏறி, இரண்டு படி இறங்கி, குந்த முடியாதவனும் குந்த வேண்டிய இடம். அவர் வருவதற்குள் அதை மாற்ற வேண்டும், நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். நான்கு பேர் சேகரைச் சொன்னார்கள். ஒருவர் கூடுதலாக எழுதியிருந்தார்: "டீச்சர் வீட்டு வேலை அவர்தான் செஞ்சாரு. டீச்சர் ஒரு குறைகூடச் சொல்லல."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுத்தமாக இருந்த சிங்க்கை மறுபடி தேய்த்தேன். அந்த வரியில் பொய் இல்லை. நீ ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த உண்மைதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

நீ எப்போதுமே சொன்னதில்லை. பல்கலைக்கழக விடுதியில் மூன்று வருடம் உன்னோடு ஒரே அறையில் இருந்தேன். பட்டமளிப்புக்கு நீ தைக்கக் கொடுத்த ரவிக்கையில் ஒரு கை நீளமாகவும் மறு கை குட்டையாகவும் வந்தது. திருப்பிக் கொடு என்று நான் சொன்னதற்கு, "அந்தம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, பாவம்" என்றாய். மேலே அங்கி போடப் போகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று அதையே போட்டுக்கொண்டு மேடை ஏறினாய். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், நோய் உன் முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்று தெரிந்த வாரத்தில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. கடைசிவரை உன் வீட்டில் இருக்க வேண்டும். டாக்டர் மறுக்கவில்லை. கட்டில் போட முன்னறையில் இடம் இருந்தது, தாதி வாரம் இருமுறை வருவதாகச் சொல்லியிருந்தார். குறுக்கே நின்றது அந்தப் படிதான். படியை உடைத்து, தரையைச் சமமாக்கி, உட்காரும் கழிப்பறைப் பீங்கான் வைத்து, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. அவ்வளவுதான் வேலை.

நீ சேகரைக் கூப்பிட்டாய். இரண்டாம் வகுப்பில் உன்னிடம் படித்தவன். கோயில் திருவிழாவுக்குப் பந்தலும் பைப்பும் கூலி வாங்காமல் செய்து கொடுப்பவன். உன்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கி நின்று பேசுவான். வேறு யாரையும் விசாரிக்க வேண்டும் என்றே உனக்குத் தோன்றவில்லை. நம் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் ஆள் பிடிக்கிறோம். கோயிலில் நல்ல பிள்ளையாக இருந்தால் போதும், அவனுக்குத் தண்ணீர் வடிய வாட்டம் பார்த்துத் தரை போடத் தெரியுமா என்று கேட்பது மரியாதைக் குறைவு.

அன்று நானும் இருந்தேன். அவன் உன் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். கடைசியாக எந்த வீட்டில் குளியலறை செய்தாய், போய்ப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். மேசைக்கு அடியில் நீ என் காலை மிதித்தாய். அவன் போன பிறகு சொன்னாய்: "நம்ம பிள்ளகிட்ட போய் அதெல்லாம் கேப்பாங்களா? மனசு கஷ்டப்படும்லா."

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலைக்குத் திருகாணி விற்க வருகிறவனைக்கூட அவன் பட்டறைக்கே போய், ஒரு நாள் முழுக்கத் துருவிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அதற்காகத்தான் சம்பளம் வாங்குகிறேன். உன் வீட்டில், உனக்காக, ஒரு கேள்வியை விழுங்கிவிட்டுத் தேநீரை முடித்தேன்.

அவன் முதல் நாளே உடைத்தான். இப்போது எனக்கு அந்த வழக்கம் புரிகிறது. சிமெண்டு வராது, டைல் வராது, பீங்கான் வராது, ஆனால் உடைப்பது மட்டும் முதல் நாளே நடக்கும். உடைத்துப் போட்ட பிறகு வீட்டுச் சொந்தக்காரர் வேறு ஆளைத் தேட முடியாது. ஒருவன் பாதியில் விட்டதை இன்னொருவன் தொட மாட்டான். அதன் பிறகு அவன் நிம்மதியாக அடுத்த வீட்டை உடைக்கப் போகலாம். சேகர் படியை உடைத்தான், தரையைக் கொத்திப் போட்டான், பழைய பீங்கானை மட்டும் விட்டுவைத்தான். அடுத்த வாரம் வந்து மூன்று சுவருக்கு அழகாக டைல் ஒட்டினான். அதைப் படமும் எடுத்தான். பிறகு திருவிழா வந்தது.

திருவிழாவுக்குப் பிறகு ஏதோ பள்ளிச் சிற்றுண்டிச்சாலை. பிறகு அவனோடு வேலை செய்கிற ஆள் ஊருக்குப் போய்விட்டான். பிறகு மழை. உன் வீட்டுக்காரர் கூப்பிட்டால் இரண்டு முறைக்கு ஒரு முறை எடுப்பான். நீ கூப்பிட்டால் எடுப்பான், ஆனால் நீ அவன் பிள்ளைகளை விசாரித்துவிட்டு வைத்துவிடுவாய்.

ஐந்து வாரம் என் வீட்டுக்குக் குளிக்க வந்தாய். நான்கு வீடு தள்ளி. என் குளியலறையை அம்மா இருந்தபோதே சமமாக்கி வைத்திருந்தேன். துண்டையும் மாற்றுத் துணியையும் பசார் பையில் மறைத்து, மேலே ஒரு கட்டுக் கீரை வைத்து, உன் வீட்டுக்காரர் கையைப் பிடித்து அந்த வெயிலில் நடந்து வருவாய். ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்தி, "எங்க டீச்சர், நடைப் பயிற்சியா?" என்பார்கள். நீயும் ஆமாம் என்பாய். இருபது வருடம் பிள்ளைகளுக்குச் சுகாதாரம் சொல்லிக்கொடுத்தவள், அடுத்தவர் வீட்டுக்குக் குளிக்கப் போவதைக் கீரையால் மூடிக்கொண்டு போனாய். ஆறாவது வாரம் நடக்க முடியவில்லை. பட்டர்வொர்த்தில் உன் நாத்தனார் வீட்டு மாடியில் கட்டில் போட்டார்கள். நல்லவர்கள், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். நான் வந்தபோதெல்லாம் நீ கேட்டது, நம் வரிசையில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை. வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை.

படம் வந்த அன்று உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். உன் வீட்டில் நடந்ததைக் குழுவில் எழுதப் போகிறேன் என்றேன். அவர் சொன்னார்: "விடும்மா. அவ இருந்திருந்தா இதப் பத்திப் பேசியிருக்க மாட்டா."

"அதனாலதான்ண்ணே பேசணும்," என்றேன். அவர் வைத்துவிட்டார். அன்று நான் எழுதவில்லை. எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். எனக்கு உன்னைவிட வாய் அதிகம் என்று நீ சொல்வாய். அதுவும் பொய்தான்.

சனிக்கிழமை சேகர் அளவெடுக்க வருகிறான் என்று ஜெயந்தி குழுவில் போட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன். அவன் குளியலறை வாசலில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாங்கக்கா, உடம்பு நல்லா இருக்கா என்றான். எத்தனை நாள் வேலை என்று கேட்டேன். ஒரு வாரம், நடுவில் கோயில் வேலை இரண்டு நாள் இருக்கிறது, திங்கட்கிழமையே உடைக்க ஆரம்பித்துவிடலாம் என்றான்.

"டீச்சர் வீட்டுல தரை போட்டது யாரு சேகர்?"

"சுவரு மூணும் நான்தான்க்கா செஞ்சேன்."

"தரையக் கேட்டேன்."

டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது. ஜெயந்தி அவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்போது ஆள் கிடைக்கவில்லை என்றான், நான் திரும்பி வருவதற்குள் டீச்சர் பட்டர்வொர்த் போய்விட்டார்கள் என்றான். பிறகு உண்மையாகவே மனம் நொந்தவன் மாதிரிச் சொன்னான்: "டீச்சர் என்னைய ஒரு வார்த்த கேக்கலையேக்கா. ஏன்டா வரலன்னு கேட்டிருந்தா மறுநாளே வந்திருப்பேன்."

அவன் சொன்னதில் பாதியாவது நிஜமாக இருக்கும் என்று எனக்குப் பட்டது. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். யார் சத்தம் போடுகிறார்களோ அவர்கள் வீட்டுக்கு அவன் முதலில் போயிருக்கிறான். உன் வீட்டில் சத்தம் வரவில்லை. நீ செத்த பிறகு உன்னையே தன் நற்சான்றாக ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கைலியோடு கதவைத் திறந்தார். எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்கவில்லை. முன்னால் நடந்துபோய்க் குளியலறை விளக்கைப் போட்டார். கொத்திப் போட்ட தரை அப்படியே இருக்கிறது. மணலும் கல்லும், பீங்கானுக்குப் போக ஒரு பலகையும். இரண்டு வருடமாக அந்தப் பலகைமேல் நின்றுதான் குளிக்கிறார். ஜெயந்தி பலகையில் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். ஆடியது.

"அவருக்கு ஒரு கால்தான்க்கா இருக்கு," என்றாள்.

அதன் பிறகு அவள் என்னோடு ஆள் தேடினாள். முதல் ஆளிடம் பழைய வேலை ஒன்றைக் காட்டச் சொன்னபோது, என்னை நம்பவில்லையா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். இரண்டாவது ஆள் பெயிண்ட் வாடை போகாத புது வீட்டுக்குக் கூட்டிப் போனான். இரண்டு மழைக்காலம் பார்த்த வீடு வேண்டும் என்று ஜெயந்தியே சொன்னாள். அவனிடம் இல்லை. மூன்றாவது ஆள் புக்கிட் செலம்பாவ் பக்கத்து மலாய்க்காரர், ஜெயந்தியோடு வேலை செய்கிறவளின் மாமா. எங்களுக்குக் கோபம் வருமோ என்று கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு முகவரியைச் சொல்லி, நான் வரவில்லை, நீங்களே போய்க் கேளுங்கள் என்றார். அந்த வீட்டு அம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் குறை சொன்னார். தினமும் பத்து மணிக்குத்தான் வருவார், குழாயைத் தாழ்வாக வைத்துவிட்டார், தான் சண்டை போட்ட பிறகுதான் மாற்றினார் என்றார். நான் உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினேன். மூலைக்கு ஓடி வடிந்தது. அவ்வளவு குறையையும் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சாமான் எல்லாம் வாசலில் வந்து இறங்கும்வரை சுத்தியலை எடுக்கக் கூடாது என்று சொன்னோம். சரி என்றார். அவருக்கு அதில் மனம் கஷ்டப்படவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜெயந்தியின் கணவர் வந்தார். சக்கர நாற்காலி சமையலறையைத் தாண்டி எங்கேயும் தட்டாமல் உள்ளே போனது. அவரே கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நாங்கள் நின்றோம். தண்ணீர் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. ஜெயந்தி எனக்குச் சோறு போட வந்தாள், நான் இருக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன். டீச்சர் வீட்டில் சேகர் தரை போடவில்லை, அதனால் டீச்சர் தன் வீட்டில் சாக முடியவில்லை என்று. கோயில் பொருளாளர் உடனே கூப்பிட்டார், நம்ம பிள்ளையை இப்படி எழுதலாமாம்மா, அழிச்சிடுங்க என்றார். வேண்டுமானால் டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், அழிக்கிறேன் என்றேன். இன்னும் யாரும் போகவில்லை. நீ இருந்தால் என் காலை மிதித்திருப்பாய் என்று தெரியும். நானும் அழிக்கப் போவதில்லை.

ஆனால் உன்னிடம் சொல்ல வந்தது அது இல்லை. ஜெயந்தி வீட்டு வேலை உடைத்ததிலிருந்து ஈரம் காய்ந்ததுவரை பதினொரு நாளில் முடிந்தது. உன் வீட்டில் இருந்ததும் அதே அளவு, அதே படி. பதினொரு நாள் வேலை அது. நாம் இரண்டு பேரும் இரண்டு மாதம் மரியாதையாகக் காத்திருந்தோம்.