உளி படாத இடம்

உரோமை, 1612.

வணங்குதற்குரிய அப்பாவுக்கு,

லீவன் எழுதுவது. நான் நலம். ஹார்லெம் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

ஆண்டவரை அறியேன் என்று மும்முறை மறுத்து, சேவல் கூவியதும் அழுத புனித பேதுருவைச் செப்புத் தகட்டில் செதுக்கி முடித்தேன். சேவலும், அவர் கையிலுள்ள விண்ணகத் திறவுகோலும் எளிதாய் அமைந்தன. கண்ணீரைச் செதுக்க முடியாது, அப்பா. சுற்றிலும் கோடுகளை நெருக்கி, துளி நிற்கும் இடத்தை உளி படாமல் விடவேண்டும். கோடுகளில் நின்ற மை மட்டும் பதியும் தாளில் அந்த வெறுமையே கண்ணீராய் ஒளிரும்.

முதல் அச்சை எடுத்த அன்று, பட்டறைத் தலைவர் ஒத்தாவியோ எல்லார் முன்னும் கேட்டார்.

"ஏன்டா ஹாலந்துக்காரா, உங்கப்பன் போப்பாண்டவரைத் திட்டுற கூட்டமாமே?"

"எனக்கு அப்பாவே இல்லீங்க."

"அப்போ நீ மரத்துலயாடா காய்ச்ச?"

பட்டறையே சிரித்தது, நானும் சிரித்தேன். வேலை நிலைத்தது.

பிறகுதான் கொடியில் காயத் தொங்கிய அச்சுத் தாளை நிமிர்ந்து பார்த்தேன். நெற்றிச் சுருக்கம்வரை உங்கள் முகத்தை நினைத்தே பேதுருவைச் செதுக்கியிருந்தேன். மறுத்தவன் நான், அழுகிறவர் நீங்கள்.

கடிதம் கொண்டுவரும் வணிகர் வாசலில் அவசரப்படுத்துகிறார். இரண்டு இணைக் கம்பளிக் காலுறை அனுப்புங்கள். அம்மாவின் கையால் பின்னியதாயிருக்கட்டும். பொதியின் மேல் உங்கள் பெயரை மட்டும் எழுதவேண்டாம், அப்பா.

உங்கள் மகன்,
லீவன்