முன்சீட்டுக்கடியில் ஒரு குளம்

ஜூன் 4, புதன்

மறுபடியும் குளம். அத்தை, என் மாமியார், காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து காலை வைத்ததும் 'சளக்' என்றது. அத்தை சாக்ஸைப் பிழிய, நான் தரையைத் துணியால் ஒற்றினேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பதினெட்டு வருஷத்து வண்டி, துணிக் கூரை, ஒழுகத்தான் செய்யும். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் இதை வித்துட்டு, தகரக் கூரை போட்டதா ஒண்ணு வாங்கிடலாம்."

மூடிய வண்டியில் நாலு தெரு தாண்டுவதற்குள் அத்தைக்குக் குமட்டும். கூரையை மடித்துவிட்டால்தான் வருவார். இதை விற்றுவிட்டால் வாராவாரம் தங்கையைப் பார்க்க எப்படிப் போவார்? பெற்ற பிள்ளைக்குத் தெரியாதா? "மாத்திரை போட்டுக்கட்டும்" என்கிறார்.

ஜூன் 6

கூரைத் துணியில் கிழிசல் இல்லை. தையலும் சரி. ஜன்னல் ரப்பர் முழுக்க முகப்பவுடர் தூவி, வெளியே வாளி வாளியாக ஊற்றினேன். தண்ணீர் வந்தால் பவுடரில் கோடு விழ வேண்டுமே? விழவில்லை. கார் மணக்கிறது, அவ்வளவுதான் லாபம்.

ஜூன் 9

மெக்கானிக் சொன்னது: "தண்ணி தேங்குற எடத்துல தேடாதீங்கம்மா. முன்னால தேங்குனா, பின்னால பாருங்க." சொல்லிவிட்டு வேறொரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

பின்னால் என்றால் எங்கே?

ஜூன் 10

மழை. குளம். சண்டை. "நீங்கதான் கூரையை ஒழுங்கா மூடறதில்ல, ரெண்டு வருஷமா தலபாடா அடிச்சுக்கறேன்" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

ஜூன் 14, சனி

அத்தை தானாகவே முன்வந்தார். கூரையை மூடிவிட்டு, கையில் டார்ச், தலைக்கு மேல் குடை — காருக்குள்ளே! நான் வெளியே குழாயைப் பிடித்தேன். முன் கண்ணாடியில் அடித்தேன், உள்ளிருந்து உதட்டைப் பிதுக்கினார். கதவுகள் — அதே உதடு. பின்கண்ணாடிக்குக் கீழே பிடித்த இரண்டாவது நிமிடம் ஒரே கூச்சல்: "வருது, வருது! சீட்டுக்குப் பின்னாலேர்ந்து முன்னால ஓடி வருது!"

ஓடிப் போய்க் கையை விட்டுத் தடவினேன். கூரையில் விழும் தண்ணீரெல்லாம் வந்து சேரும் சின்ன வாய்க்கால் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் இரண்டு மூலையிலும் வெள்ளையாக, வழுவழுவென்று ஒரு கட்டி. மேலே விரலால் வழித்துவிட்ட தடம்.

என் விரல்.

ஐயோ. குளியலறை ஓரத்துக்கு வாங்கின பசை மிச்சம் இருந்துச்சு. கார்ல எதுக்கு ரெண்டு ஓட்டைன்னு நான்தானே அடைச்சேன்! ரெண்டு வருஷம் முன்னாடி. தண்ணி வெளிய போற வழி அது. அதை அடைச்சுட்டு, உள்ள வர்ற வழியைத் தேடிட்டு இருந்திருக்கேன்.

அத்தை குடையை மடக்கினார். "அவன்கிட்ட நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா சிரிச்சுடுவேன்."

ஜூன் 15

பின்னல் ஊசியால் நோண்டி எடுத்தேன். தேங்கியிருந்த தண்ணீர் பின்சக்கரத்தின் பக்கத்தில் தரையில் கொட்டியது. அதைக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 16

சொன்னேன். கட்டியையும் காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நீ மொத தடவ சொன்னதுலேர்ந்து, கூரையை மூடிட்டு எறங்கிப் போய், திரும்பி வந்து இன்னொரு தடவ இழுத்துப் பாத்துட்டுதான் வருவேன். தெரியுமா?"

தெரியாது. ஒருநாள்கூட நான் கவனித்ததில்லை. மன்னிப்புக் கேட்கும்போது அழுகை வந்துவிட்டது.

ஜூன் 22

மழையே காணோம். வேண்டாத நாளில் மட்டும் கொட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டு நாள் அடைமழை. இன்று காலை முன்சீட்டு மிதியடியைத் தூக்கினேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாள் மொடமொடவென்று இருந்தது. நாளையோடு மாதம் முடிகிறது; விற்கும் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

மாலையில் வெயில். அத்தை முன்சீட்டில் ஏறி, சாக்ஸைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை மிதியடியில் அழுத்தி வைத்துக்கொண்டார். தங்கை வீடு வரைக்கும் பேச்சு ஓயவில்லை.

இறங்கியதும் என் வீட்டுக்காரர் கூரையை மூடினார். ஒரே ஒரு தடவை. பிறகு திரும்பிப் பார்க்காமல் எங்களோடு நடந்து வந்தார்.