கோழிக் கதவுக்கு ஒரு தபேதார்

வேங்கிக்கால்,
14.11.2004, ஞாயிறு.

அன்பு மகள் இனியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, ஒன்பது பெட்டைகள், ஒரு சேவல் எல்லோரும் அண்ணாமலையார் தயவில் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற எங்கள் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். வாராவாரம் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் கூடத்தில் இருக்கிறது, நான் பேசினால் உன் அப்பா பேப்பர் படிக்கிற மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், ஒரு பக்கத்தைக்கூடத் திருப்புவதில்லை. அவரைப் பற்றி அவர் எதிரிலேயே எப்படிச் சொல்வது. அதனால் அவர் கோழிக்கூண்டுப் பக்கம் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். அவர் கோழிக்கூண்டுப் பக்கம் போகிற நேரம் இப்போது ரொம்ப ஜாஸ்தி, எழுத வந்த விஷயமும் அதுதான். தீபாவளிக்கு நீ சொன்னபடி புதுப்புடவை எடுத்துக் கட்டிக்கொண்டேன், அதிரசம் இந்த முறை பாகு முறுகிவிட்டது, உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் தின்றார். அவர் குறை சொல்லாமல் தின்றாலே மனசில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

போன வருஷம் நீ எங்களை அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டபோது கோழியை யார் அடைப்பது என்று உன் அப்பா கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா. ஆறு மணிக்குக் கூண்டை மூடாவிட்டால் ஏரிப்பக்கத்துக் கீரிப்பிள்ளை வந்துவிடும், விடிந்ததும் திறக்காவிட்டால் உள்ளேயே ஒன்றை ஒன்று கொத்திக்கொள்ளும், எதிர்வீட்டுத் தனம் தையல் கடையை மூடிவிட்டு வர ஏழு ஏழரை ஆகும், அவள் தீனியும் தண்ணீரும்தான் வைக்கமுடியும், கதவு யார் பொறுப்பு என்றார். பத்துக் கோழிக்காக ஒரு மனுஷன் பெற்ற பெண்ணைப் பார்க்கப் போகமாட்டேன் என்றால் யாருக்கும் கோபம் வரும். மாப்பிள்ளைக்குக் கோபம் வரவில்லை, அவர் இன்ஜினியர். ஜூன் மாசம் வந்தபோது துணிமணிக்கு நடுவில் சுற்றி ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து ஒரே நாளில் கூண்டில் பொருத்திவிட்டார். வெளிச்சம் வந்தால் கயிற்றைச் சுருட்டித் தகட்டுக் கதவைத் தூக்குமாம், இருட்டினால் இறக்குமாம், வெளிச்சம் பார்க்க மேலே மிளகு அளவு ஒரு கண்ணாடிக் கண். கரண்ட் போனாலும் கவலையில்லை, டார்ச்லைட் பேட்டரியே போதும். இதெல்லாம் ஒன்றுமில்லை அத்தை, எங்கள் ஊரில் கடைக் கதவு, பஸ் கதவு, நாங்கள் இருக்கிற கட்டடத்தின் வாசல் கதவு எல்லாமே தானாகத்தான் திறக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல உன் அப்பா முகத்தைப் பார்த்தேன். பாவம் மாப்பிள்ளை, யார் வீட்டில் நின்று இதைச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. வேலூரில் ஆரம்பித்து, நம் ஊர் தனி ஜில்லாவானதும் இங்கே வந்து, முப்பத்து மூன்று வருஷம் தபேதாராக இருந்தவர் உன் அப்பா. வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் வில்லையுமாகக் கலெக்டர் ரூம் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களுக்குத் திறந்து, வெளியே வருகிறவர்களுக்கு மூடியவர். அந்தக் கையால்தான் உன்னைப் படிக்கவைத்தார். அந்த மனுஷனுக்கு மாப்பிள்ளை தேடிக் கொண்டுவந்த சீர், தானாகத் திறக்கிற கதவு.

கதவின் மேல் குறை சொல்லமுடியாது, கண்ணு. முதல் வாரத்திலேயே கோழிகள் பழகிக்கொண்டன, உன் அப்பாதான் பழகவில்லை. இனிமேல் ஏழு மணி வரைக்கும் தூங்கலாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்பு ஆறு மணிக்கு எழுந்தவர், கதவு சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க ஐந்தரைக்கே எழ ஆரம்பித்தார். சாயங்காலம் முன்பெல்லாம் ஐந்து நிமிஷத்தில் கோழியை அடைத்துவிட்டு டீக்கடைக்குப் போவார், இப்போது முக்கால் மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தகடு இறங்குவதைப் பார்க்கிறார். மனுஷனுக்கு வேலையைக் கம்மி பண்ண வந்த யந்திரம் அவரை முழுநேர வேலைக்காரராக ஆக்கிவிட்டது. தெருவில் ஒருத்தர் விடாமல் வேடிக்கை பார்க்க வந்தார்கள், அவர்களுக்கு நேரம் சொல்லி வரிசையில் நிற்கவைத்தார், அது மட்டும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருநாள் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளுமே அந்த மொட்டைவால் பெட்டை, அது வருவதற்குள் கதவு இறங்கிவிட்டது. அது வெளியே நின்று கத்துகிறது. முட்டை எடுக்க வைத்திருக்கிற பக்கக் கதவைத் திறந்து அதைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டு வந்து என்னிடம், மனு கொடுக்க வந்த கிழவி ஐந்து மணிக்கு மேல் வந்தாலும் ஐயாவிடம் சொல்லி உள்ளே விட்டிருக்கிறேன், இதுக்கு யாருக்குத் திறக்கணும் எப்போது மூடணும் என்கிற விவஸ்தையே இல்லை என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது.

இப்படியே போயிருந்தால் பரவாயில்லை. ஆயுத பூஜை வந்தது. நம் வீட்டில் அரிவாள்மனை முதல் தையல் மிஷின் வரைக்கும் எதையும் விடமாட்டோம், உனக்குத் தெரியும். உன் அப்பா ஆபீஸ் பழக்கத்தில் ஜீப்புக்கும் டைப்ரைட்டருக்கும் வைத்த கையோடு கலெக்டர் ரூம் கதவுக்கும் பொட்டு வைத்துவிட்டுத்தான் பொரி வாங்கிக்கொள்வார். இந்த வருஷம் கோழிப் பெட்டிக்கும் வைக்கவேண்டும், வேலை செய்கிற எதற்கும் மரியாதை உண்டு என்று அவரே சந்தனம் குழைத்து எடுத்துப் போனார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, மாப்பிள்ளை கொண்டுவந்த பொருளுக்கு இவரே சந்தனம் வைக்கிறார் என்றால் கோபம் தீர்ந்தது என்று நினைத்தேன். மறுநாள் விடிந்தது, எட்டு மணி ஆனது, கதவு மேலே போகவில்லை. உள்ளே ஒரே சண்டை. உன் அப்பா நிதானமாகப் போய்ப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு வந்து மிஷின் படுத்துடுச்சு என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த தெளிச்சியை நான் அவர் ரிட்டையர் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் போனில் சொன்னார், நீயும் கேட்டாய். மாப்பிள்ளை பேட்டரி மாற்றச் சொன்னார், மாற்றினோம், அசையவில்லை. கதவு இப்படி இருக்கும்போது எப்படிம்மா வரமுடியும் என்று அவர் சொன்னதும் நீ போனை வைத்தாய். நீ அழுதுகொண்டுதான் வைத்தாய் என்று எனக்குத் தெரியும். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டி வரமுடியாத தூரம், தாயாவது அங்கே போகவேண்டாமா. நீ போய்ட்டு வா, நான் கோழியோட இருக்கேன் என்கிறார். அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாத, சர்க்கரை மாத்திரையை நான் கையில் கொடுத்தால்தான் போட்டுக்கொள்கிற மனுஷனை மூன்று மாசம் யாரை நம்பி விடுவேன். இங்கேயும் இழுக்கிறது, அங்கேயும் இழுக்கிறது. விசாவுக்குச் சென்னையில் நேரில் வரச்சொன்ன தேதி அடுத்த மாசம் ஒன்பது, அது வேறு நெருங்குகிறது.

இனிமேல் எழுதுவதை மாப்பிள்ளைக்குப் படித்துக்காட்டாதே. தீபாவளிக்கு முந்தின நாள் வீடு துடைத்த ஈரத்துணியோடு அந்தப் பெட்டியையும் ஒரு துடை துடைத்தேன். துடைத்துவிட்டு வாளியைத் தூக்குகிறேன், கொஞ்ச நேரம் கழித்து என் முதுகுக்குப் பின்னால் கிர்ரென்று சத்தம், தகடு தானாக மேலே போகிறது. பட்டப்பகலில் அதற்கு அப்போதுதான் விடிந்திருக்கிறது. துணியைப் பார்த்தேன், சந்தனம். கண்ணாடிக் கண்ணில் பொட்டு வைத்தால் அதற்கு எப்போதும் ராத்திரிதானே, தெரியாமல் வைத்துவிட்டார் என்று முதலில் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்திருக்கும், என் துணியில் அப்பியது அன்றைக்குக் குழைத்த மாதிரி மணத்தது. நேற்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். சாமி மாடத்தில் இருந்து ஆள்காட்டி விரல் நுனியில் கொஞ்சம் சந்தனம் எடுத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, நேராக அந்தக் கண்ணில் அப்பினார். கலெக்டர் ஆபீஸில் ஒரு காகிதத்தை இடம் மாற்றி வைக்காதவர். குங்குமமும் வைத்தார், அதையும் சொல்லவேண்டும், மரியாதையில் குறை வைக்கவில்லை.

நான் பின்னாலேயே போய் நின்றேன். சண்டை போடத்தான் போனேன், வாயில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எல்லம்மா, முப்பத்து மூணு வருஷம் நான்தான் அந்தக் கதவைத் தொறந்தேன். ரிட்டையர் ஆன மறுநாள் பென்ஷன் பேப்பருக்குப் போறேன், கதவு பாட்டுக்குத் தொறந்து மூடிட்டிருக்குது. சரின்னு வந்துட்டேன். இந்தப் பத்து கோழிக்காவது நான் எழுந்து போனாதான் விடியும்னு இருந்தேன். அதையும் ஒரு பொட்டி பாத்துக்கும்னா நான் எதுக்கு?" பிறகு இன்னும் மெதுவாக, அங்கே போனால் ஊரிலேயே எனக்குத் தொறக்க ஒரு கதவு இருக்காதாமே என்றார். நாற்பது வருஷம் கூட இருந்தும் இது எனக்குத் தெரியவில்லையே என்று என் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. முந்தானையால் அந்தக் கண்ணைத் துடைத்துவிட்டு, வாங்க சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன். இன்று காலையில் கதவு தானாகத் திறந்தது. அவரும் பக்கத்தில் நின்றார், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

இப்போது நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கோபப்படாதே, போனில் கெஞ்சவும் வேண்டாம். வாய் வார்த்தைக்கு அவர் அசையமாட்டார், அவருக்குக் காகிதம் வேண்டும். திரு. தருமன், தபேதார், ஓய்வு என்று பேர் போட்டு ஒரு உத்தரவு எழுது. பொருள் என்று ஒரு வரி, பார்வை என்று ஒரு வரி, அதெல்லாம் விட்டுப்போகக்கூடாது, முதலில் அதைத்தான் பார்ப்பார். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வருகிற அன்று வாசல் கதவைத் திறக்கும் பணி அவருக்கு ஒதுக்கப்படுகிறது, அந்தக் கதவை வேறு யாரும் திறக்கக்கூடாது, அதன் பிறகு மூன்று மாசமும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்களில் யாரை எப்போது உள்ளே விடுவது என்பதும் அவர் பொறுப்பு என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடு. மாப்பிள்ளையும் போடட்டும், ஆபீஸ் முத்திரை ஏதாவது இருந்தால் அதையும் குத்தச் சொல். கூரியரில் அனுப்பு, ஒன்பதாம் தேதிக்கு முன்னால் வந்து சேரவேண்டும். கையில் காகிதம் இருந்தால் அவர் சென்னைக்கும் வருவார், அதற்கு மேலேயும் வருவார். வராவிட்டால் தனத்திடம் மாத்திரை டப்பாவைக் கொடுத்துவிட்டு நான் தனியாகக் கிளம்பிவிடுவேன், அதை முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் பாதி மனசை இங்கேயே விட்டுவிட்டு வருகிற அம்மா உனக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பனியில் வழுக்கும் என்றாயே, தனியாக வெளியே போகாதே. பசிக்கிறதோ இல்லையோ நேரத்துக்குச் சாப்பிடு. பொட்டுக்கடலை மாவும் சுக்கும் பூண்டும் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன், அங்கே அனுமதிப்பார்களா என்று கேட்டுச் சொல். இன்னும் இரண்டு வாரத்தில் தீபம், இப்போதே ஊர் நிரம்ப ஆரம்பித்துவிட்டது, மலையில் ஜோதி தெரிந்ததும் உன் பேரைச் சொல்லித்தான் முதல் அகல் ஏற்றுவேன். கோழிக்கூண்டுப் பக்கம் மட்டும் இந்த வருஷம் விளக்கு வைக்கமாட்டேன், அது விடிந்துவிட்டது என்று திறந்துகொள்ளும். நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து எழுந்து, பிள்ளையும் குட்டியுமாக நூறு வருஷம் இருக்கவேண்டும். உன் அப்பா வருகிற சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன். ஒன்றே ஒன்று மறக்காதே. உங்கள் வாசல் கதவு தானாகத் திறக்கும் என்று மாப்பிள்ளை சொன்னாரே, பிள்ளை வீட்டுக்கு வருகிற அன்று ஒரே ஒரு நாள் அதன் கண்ணில் கொஞ்சம் சந்தனம் வைத்துவிடச் சொல். சந்தனம் நான் கொண்டுவருகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
த. எல்லம்மாள்