புஷ்பவல்லிக்குக் கிடைத்த இடம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 ஆகஸ்டு 1932

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் புஷ்பவல்லி வணங்கி எழுதுவது.

கப்பல் நாகப்பட்டினம் சேர்ந்து, நீங்களும் அம்மாவும் தங்கை ரமணியும் திருத்துறைப்பூண்டிக்குப் போயிருப்பீர்கள் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். கடலில் அம்மாவுக்கு மயக்கம் வந்ததா? கிள்ளான் துறைமுகத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் கப்பலேறிவிட்டாள். "பதினாறு வயசுப் பொண்ண அடுத்தவங்க தர்மத்துல விட்டுட்டுப் போறோமே" என்று உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

செந்தூல் ரயில்வே பட்டறையில் உங்களோடு ஆட்குறைப்பில் போனவர்களில் பாதிப் பேர் அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் கூட்டாளிகளில் நாகையா மாமாவுக்கு மட்டும் வேலை தங்கியது. ஞாயிற்றுக்கிழமை பள்ளி விடுதிக்கு வந்து ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு, "ஒங்கப்பன் நின்ன எடத்துல இப்ப வேற ஆளு நிக்கிறான், அந்தப் பக்கம் திரும்பவே புடிக்கலம்மா" என்றார்.

காத்தூன் பீவியம்மா என் படிப்புக்குத் தரும் உதவிப்பணம் இந்தத் தவணைக்கும் வந்துவிட்டதாகத் தலைமையாசிரியை சொன்னார். அடுத்த வருடக் கடைசியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை. அதுவரைக்கும்தான் அப்பா. தலைமையாசிரியை முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு "இருக்கட்டும்" என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லால்தான் நான் இங்கே இருக்கிறேன். அதை மறக்கமாட்டேன்.

உங்கள் பாசமுள்ள
புஷ்பவல்லி

*

திருத்துறைப்பூண்டி
2 அக்டோபர் 1932

செல்வ மகள் புஷ்பவல்லிக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன், உன் அம்மாவுக்காக மூன்றாம் முறை. அவள் கடிதத்தை வாங்கி அரிசிப் பானைக்கு மேல் வைத்திருக்கிறாள்.

இங்கே எஞ்சின் பிட்டருக்கு என்ன வேலை இருக்கிறது? அரிசி மில்லில் பட்டை மாற்றிக் கொடுக்கிறேன். அம்மாவுக்கு வயிற்றில் அடிக்கடி வலி. கஷாயம் குடிக்கிறாள்.

உன் பக்கிரிசாமி மாமா தினமும் வந்து உன்னைப் பற்றியே கேட்கிறார். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அம்மாள் நம் பிள்ளையை ஏன் படிக்கவைக்க வேண்டும், அவளுக்கு என்ன லாபம் என்கிறார். விடுமுறையில் அவர்கள் வீட்டில் தங்குவாய் அல்லவா? உள்ளதை உள்ளபடி எழுது. மறைக்காதே.

அப்பா
கன்னையா

*

கிள்ளான்
20 டிசம்பர் 1932

அன்புள்ள அப்பாவுக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

பீவியம்மா வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. நான் வருவதற்கு முன்பே பாசாரிலிருந்து எனக்கென்று புதுச் சட்டி பானை வாங்கி, பின்கட்டில் தனி அடுப்புப் போட்டு வைத்திருந்தார். "ஒங்க வீட்டுப் பழக்கம் கெட வேணாம் புள்ள" என்றார். மூன்று நாள் தனியாகப் பொங்கித் தனியாகச் சாப்பிட்டேன். நான்காம் நாள் முடியவில்லை. என் சோற்றையும் ரசத்தையும் எடுத்துக்கொண்டு அவர் பாயில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. ரப்பர் விலை போனபின் தோட்டத்து ஆட்கள் துணி எடுப்பதில்லை. பெரிய மகன் நசீருதீன் அண்ணன் ஒருநாள் என் முன்னாலேயே கேட்டுவிட்டார். "உம்மா, கடையே ஆடிக்கிட்டுக் கெடக்கு. ஊரான் வீட்டுப் புள்ளைக்குப் படிப்பு எதுக்கு?"

பீவியம்மா கையில் இருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "ஒன் தங்கச்சி நூருன்னிசா புள்ளப்பேறுல கெடந்து துடிச்சப்ப டாக்டர் வாசல்லதான் நின்னாரு. ஆம்பள டாக்டர் உள்ள வரப்படாதுன்னு சொன்னது யாரு? நாந்தான். உள்ள வர்றதுக்கு ஒரு பொம்பள டாக்டர் இல்லாமப் போச்சு, அவ போய்ச் சேந்துட்டா. கடய மூடுற நாள் வந்தா அப்ப யோசிப்போம்."

அண்ணன் தலை குனிந்து வெளியே போனார். எனக்கும் அன்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்தில் முதலாவதாக வரும் பெண் யார் என்று கேட்டு பீவியம்மா என்னைத் தேடி வந்த காரணம் இதுதான். மாமாவிடம் சொல்லுங்கள் அப்பா, அந்த அம்மாளுக்கு வேறு லாபம் இல்லை.

புஷ்பவல்லி

*

திருத்துறைப்பூண்டி
9 ஏப்ரல் 1933

புஷ்பவல்லிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். பக்கிரிசாமி மாமா தன் மகனுக்கு உன்னைக் கேட்டுவிட்டார். பையன் தபாலாபீசில் வேலை பார்க்கிறான், கெட்ட பழக்கம் இல்லை. ஆவணியில் முகூர்த்தம். உன் அம்மா உடம்பு நாளுக்கு நாள் தளர்கிறது. கண் மூடுவதற்குள் உன்னை மணக்கோலத்தில் பார்க்க வேண்டும் என்கிறாள். நாகையாவுக்கும் எழுதியிருக்கிறேன். ஜூலைக் கப்பலில் அவர் உன்னை ஏற்றிவிடுவார். அந்த அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்.

அப்பா

*

பிரிக்பீல்ட்ஸ்
7 மே 1933

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனேன். பீவியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். பேசவில்லை.

"நான் படிக்கவச்சேங்கிறதுக்காக நீ இங்க நிக்க வேணாம். பணம் கட்டி நான் ஒன்ன வாங்கல. போகணும்னா போ, கப்பல் வரைக்கும் நானே வந்து அனுப்புறேன். படிக்கணும்னா இரு. அத ஒங்கப்பாகிட்ட நீதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்" என்றார்.

அதனால் நான் சொல்கிறேன். நான் இருக்கிறேன் அப்பா. பரீட்சைக்கு ஏழு மாதம் இருக்கிறது. மாமா மகன்மேல் எனக்குக் குறை ஒன்றுமில்லை. அவருக்கு வேறு நல்ல பெண் கிடைப்பாள். எனக்கு இன்னொரு பரீட்சை கிடைக்காது. உங்கள் பேச்சை நான் மீறுவது இதுதான் முதல் தடவை. அம்மாவைக் கஷாயத்தோடு விட்டுவிடாமல் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

புஷ்பவல்லி

*

பிரிக்பீல்ட்ஸ்
26 நவம்பர் 1933

அன்புள்ள அப்பாவுக்கு,

மே மாதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் ஐந்தாவது கடிதம். ஒன்றுக்கும் பதில் இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி எழுதினால் போதும். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

நாளை மறுநாள் பரீட்சை தொடங்குகிறது. நாகையா மாமா மாரியம்மன் கோயில் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். கப்பலில் ஏற்றாமல் விட்டதற்கு நீங்கள் கோபித்தால் தன்மேல் கோபித்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

புஷ்பவல்லி

*

பிரிக்பீல்ட்ஸ்
18 மார்ச் 1934

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

பதில் வராவிட்டாலும் இதை எழுதாமல் இருக்க முடியாது. சீமையிலிருந்து முடிவு வந்துவிட்டது. பள்ளியில் முதல் இடம் எனக்கு. தலைமையாசிரியை என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துத் தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பீவியம்மா கிள்ளான் கடைத்தெரு முழுவதும் கற்கண்டு கொடுத்ததாகக் கேள்வி.

அதைவிடப் பெரிய செய்தி. சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் படிக்க அரசாங்க உபகாரச் சம்பளத்துக்கு என் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புத்தகமும் துணிமணியும் பீவியம்மா பொறுப்பு. ஆனால் எனக்கு வயது போதாதாம். தகப்பனார் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மே மாதக் கடைசிக்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பீவியம்மாவே பாதுகாவலராகக் கையெழுத்துப் போடட்டும் என்று அலுவலகக் கிராணி ஒருவர் யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். எனக்கு அப்பா இருக்கிறார்.

புஷ்பவல்லி

*

திருத்துறைப்பூண்டி
22 ஏப்ரல் 1934

என் கண்ணே புஷ்பவல்லி,

இத்தனை மாதம் எழுதாததற்கு அப்பாவை மன்னித்துவிடு. முதலில் கோபம். பக்கிரிசாமி மாமா நம் வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார், அதற்கும் உன்மேல்தான் கோபப்பட்டேன். பிறகு எழுதப் பயம்.

அம்மாவுக்கு வலி கூடிப் படுத்த படுக்கையானாள். நீ எழுதியிருந்தபடி தஞ்சாவூருக்கு வண்டி கட்டினேன். ஆம்பிளை டாக்டரிடம் காட்டமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண்தான், முப்பது வயதிருக்கும். அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பேசி, கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். வயிற்றில் கட்டி. அவரே அறுத்து எடுத்தார். இரண்டு மாதம் அங்கே கிடந்தோம். அம்மா இப்போது எழுந்து நடக்கிறாள், சோறு இறங்குகிறது.

ஊருக்குப் புறப்படும் அன்று உன் அம்மா அந்த டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கப்பா எப்படிம்மா ஒன்னப் படிக்க விட்டாரு?" என்று கேட்டாள். "அவர் விடலைங்க. எங்கம்மா விட்டாங்க" என்றார் அந்தப் பெண்.

உன் படிவம் முந்தாநாள் வந்தது. உன் அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். "பேனா எங்க?" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். "என் கையும் வைக்கணும்" என்றாள். ஒருவர் போட்டால் போதும், இடம் ஒன்றுதான் இருக்கிறது என்றேன். கேட்கவில்லை. மையைத் தொட்டு என் பெயருக்குப் பக்கத்தில் பெருவிரலை வைத்துவிட்டாள். படிவம் கெட்டுப்போயிருந்தால் நீ அவர்களிடம் எடுத்துச் சொல்.

ரமணியை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. அதுவும் அவள் அம்மா உத்தரவு. பீவியம்மாவுக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. நாங்கள் இருவரும் கைகூப்பினோம் என்று சொல்.

உன் அப்பா
கன்னையா

*

சிங்கப்பூர் போகும் ரயிலில்
10 ஜூன் 1934

அன்புள்ள அப்பா, அம்மா,

வண்டி ஆட்டத்தில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிவம் கெடவில்லை. தலைமையாசிரியை பெருவிரல் அடையாளத்தைப் பார்த்து யாருடையது என்று கேட்டார். அம்மா என்றேன். அவர் அதன் பக்கத்தில் 'மாணவியின் தாயார்' என்று ஆங்கிலத்தில் தன் கையாலேயே எழுதி, முத்திரை வைத்து அனுப்பினார். அம்மா, சிங்கப்பூர் கல்லூரிக்கு எனக்கு முன்பே உங்கள் கைதான் போயிருக்கிறது.

காலையில் கோலாலம்பூர் நிலையத்துக்குப் பீவியம்மா வந்தார். என் பெட்டியைத் தூக்கி வந்தது யார் தெரியுமா, நசீருதீன் அண்ணன். "தங்கச்சி, லீவு விட்டா நம்ம வீட்டுக்குத்தான் வரணும். விடுதில தங்கிட்டேன்னு காயிதம் போடக் கூடாது" என்றார். நீங்கள் கைகூப்பியதைச் சொன்னதும் பீவியம்மா அழுதுவிட்டார். என் தலையில் கைவைத்துத் துஆ ஓதி வாழ்த்தினார்.

அப்புறம் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. நாகையா மாமாவும் செந்தூல் பட்டறை ஆட்கள் இருபது பேரும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லோரும் வெள்ளை வேட்டி, தலை நிறைய எண்ணெய். கிளார்க்கு ஐயா ஒருவர் என்ன விசேஷம் என்று கேட்க, மாமா சத்தமாகச் சொன்னார்: "நம்ம பிட்டர் கன்னையா மக டாக்டருக்குப் படிக்கப் போகுதுங்க."

உங்கள் பெயர் அந்த நிலையம் முழுக்கக் கேட்டது அப்பா.

வண்டி நகரும்போது மாமா ஜன்னலோடு கூடவே நடந்து வந்தார். "பயப்படாம போ புள்ள. இந்த எஞ்சின நாங்கதான் பிரிச்சுப் பூட்டுனோம். சிங்கப்பூரு வரைக்கும் எங்கயும் நிக்காது" என்றார்.

சிரம்பான் நிலையம் தாண்டிவிட்டது. நன்றாகத்தான் ஓடுகிறது.

உங்கள் மகள்
புஷ்பவல்லி