நான் பிறக்கும் முன்பே பதிவான உங்கள் இறப்பு

என் அன்பு அப்பாவுக்கு,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரே வீட்டில் இருந்தவருக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவை இருந்ததில்லை. ஆனால் இதில் இருப்பதை நேரில் கேட்டிருந்தால் நீங்கள் எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பீர்கள். இப்போது அப்படிப் போக முடியாது என்ற துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா நன்றாக இருக்கிறார். ஆங் மோ கியோ வீட்டை விட்டு வர மாட்டேன் என்று பிடிவாதம். என்னோடு ஈசூனில் வந்து இருக்கச் சொன்னால், "அங்க எனக்கு யாரைத் தெரியும்? லிஃப்டுல ஏறினா ஹலோ சொல்ல ஆள் இல்ல" என்கிறார். நான் இப்போது வாரத்தில் சில நாள்தான் செய்தியறைக்குப் போகிறேன். மற்ற நாள்களில் அம்மாவோடு மதியச் சாப்பாடு.

பங்குனியில் நீங்கள் போனீர்கள். வருஷத் திதிக்கு உங்கள் அப்பா பெயரும் தாத்தா பெயரும் வேண்டும் என்று ஐயர் கேட்டார். முத்துசாமித் தாத்தாவின் பெயர் தெரியும். அவர் எப்போது இறந்தார் என்று தெரியாது. சின்ன வயதில் கேட்டபோதெல்லாம், "அதாச்சு ரொம்ப நாள்" என்று முடித்துவிட்டீர்கள். ஐயருக்குப் பெயரே போதும். எனக்குப் போதவில்லை. வாழ்நாளெல்லாம் செய்தி எழுதியவனுக்குத் தேதி இல்லாத சாவு பாதிச் செய்தி. அதனால் தாத்தாவின் இறப்புச் சான்றிதழை வரவழைக்க முடிவு செய்தேன்.

லிட்டில் இந்தியாவில் ஒரு நாணயமாற்றுக் கடையின் மாடியில் பரிமளா என்ற பெண் இருக்கிறார். ஊரிலிருந்து பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை எடுத்துத் தருவது அவர் தொழில். இங்கே சிங்கப்பூரில் ஒருவர் இறந்தால் சான்றிதழ் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. உங்கள் ஊரில் பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகத்தின் பின்னறையில் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மனுப் போட்டு, அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாகத் தேட வேண்டும்.

"பேரு, அவங்க அப்பா பேரு, ஊரு, எல்லாம் இருக்கு. வருஷம்?" என்றார் பரிமளா.

"தெரியாதும்மா."

"என்னண்ணே, பேப்பர்ல வேலை பாக்குறீங்க, சொந்தத் தாத்தா செத்த வருஷம் தெரியாதா?"

"எங்கப்பா சொன்னதில்ல."

"சரி லா, குத்துமதிப்பா போடுறேன். நம்ம ஆளு அங்க ஒவ்வொரு புக்கா பொரட்டணும். லேட்டாகும், திட்டக் கூடாது."

ஆடிக் கடைசியில் அழைத்தார். உறையில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. ஒன்று தாத்தாவுடையது.

"நான் கேட்டது ஒண்ணுதானே?"

"அதே வீட்டுல இன்னொரு சாவும் பதிவாயிருக்கு, சேர்த்தே எடுத்துட்டேன்னாரு. இது யாரு, உங்க பெரியப்பாவா?"

வாங்கிப் படித்தேன். பெயர் இராமையா. தந்தை பெயர் முத்துசாமி. இறந்த இடம், சொந்த வீடு. இறந்த நாள், நான் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு.

"இது எங்கப்பாதாம்மா" என்றேன்.

"அப்பா இந்த மார்ச்சுலதானே..." என்று சிரிக்க வந்த பரிமளா பாதியில் நிறுத்திக்கொண்டார். கையில் இருந்த உறையை மெல்ல மேசையில் வைத்துவிட்டு விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தார்.

வேறொரு இராமையாவாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ஊர் அதே ஊர். வயது பொருந்தியது. தாத்தாவுக்கு அந்தப் பெயரில் இன்னொரு பிள்ளை கிடையாது. அன்று மாலை சிராங்கூன் சாலையில் நடந்தபோது எனக்கு முன்னால் போன ஒவ்வொரு கிழவரின் பின்கழுத்தும் உங்களுடையதாகத் தெரிந்தது. ஒருவரை முந்திப் போய் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அம்மாவிடம் மறைக்கவில்லை. அவர் சான்றிதழைக் கண்ணருகே வைத்து நிதானமாகப் படித்தார்.

"அப்போ செத்தவரைக் கட்டிக்கிட்டு, பிள்ளையும் பெத்து, இத்தனை வருஷம் சட்டைக்குப் பட்டன் தைச்சுப் போட்டிருக்கேன்" என்று சிரித்தார். பிறகு, "தமிழ்த் தேதி என்ன, பாரு" என்றார்.

கைப்பேசியில் பஞ்சாங்கம் பார்த்தேன். ஆவணி மாதம், தேய்பிறை தசமி.

"கோகுலாஷ்டமி முடிஞ்ச ரெண்டாம் நாளா?"

"ஆமாம்மா."

அம்மாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "டேய், அது உங்கப்பா கதவைத் தொறக்கிற நாளுடா."

எனக்கு நினைவு வந்தது. உங்களுக்கும் நினைவிருக்குமா? ஆண்டில் ஒரே ஒரு நாள் மதியம் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள். "வயிறு நெறைஞ்சிருக்கு" என்பீர்கள். அஷ்டமிக்குச் சுட்ட சீடை ஒத்துக்கொள்ளவில்லை என்பது அம்மாவின் கணக்கு. பிறகு, எல்லோரும் கண்ணயரும் நேரத்தில், "யாரோ தட்டுறாங்க" என்று எழுந்திருப்பீர்கள். நம் வீட்டில் அழைப்பு மணி இருந்தது. யாரும் தட்டியதில்லை. எங்களுக்கு எதுவும் கேட்டதும் இல்லை. நீங்கள் மரக்கதவைத் திறந்து, இரும்புக் கதவின் பூட்டையும் திறந்து, யாருக்கோ வழிவிடுவதுபோல் ஒதுங்கி நிற்பீர்கள். அப்புறம் சமையலறைக்குப் போய் வலது கையை மட்டும், சாப்பிட்டு எழுந்தவர்போல, கழுவுவீர்கள். ஓர் ஆண்டு நான் உங்களை முந்திக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தேன். தாழ்வாரம் முழுக்க வெயில், யாரும் இல்லை. இரும்புக் கதவு மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

பதிவேட்டில் தேடிக் கொடுத்தவருக்கு உங்கள் ஊர் வீடு தெரிந்திருந்தது. பரிமளா மூலம் தொலைபேசி எண் கிடைத்தது. எடுத்தவர் நடுவயதைத் தாண்டிய பெண். பெயர் செல்வி. சிங்கப்பூர்ப் பத்திரிகைக்காரன், முத்துசாமி குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறேன் என்றேன். அது பொய் இல்லை.

"முத்துசாமி எங்க தாத்தாங்க. இப்ப ஊட்டுல நானும் எங்கம்மா அலமேலுவும்தான்."

"இராமையான்னு ஒருத்தர்?"

"எங்கப்பா. நான் கைக்கொழந்தையா இருக்கப்பவே சிங்கப்பூர்ல காய்ச்சல்ல போயிட்டாரு. கூடத் தங்கியிருந்தவரு கப்பல்ல வந்து சொன்னாராம். அப்பாவோட பெட்டிய அவருதான் கொண்ணாந்து குடுத்தாரு. பொணம் வராத சாவுல்ல, அதனால ஊட்டுலயே செத்த மாதிரி எங்க சித்தப்பா எழுதி வச்சாங்க. அடுத்த வாரம் படையல். அம்மாவுக்கு எம்பத்தஞ்சு தாண்டிருச்சு, நிக்க முடியல. ஆனா கதவ அதுதான் தட்டுவேங்குது."

"எந்தக் கதவை?"

"என்னங்க, அந்த ஊர்ல படையல் போட மாட்டீங்களா? உள்ரூம்ல எலையப் போட்டு எல்லாத்தையும் வச்சுட்டு கதவச் சாத்திருவோம். அவரு வந்து சாப்புடணும்ல. கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா மூணு தட்டு தட்டிட்டுத் தொறக்கும். தட்டாமத் தொறந்தா பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிருவாங்க, பாவம்."

"எத்தனை மணிக்கு?"

"உச்சிப் பொழுதுக்குத்தான். பன்னெண்டு மணி." பிறகு குரல் மாறியது. "நீங்க யாரு? எங்களுக்கு என்ன முறை ஆவணும்?"

பிறகு அழைக்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அங்கே பன்னிரண்டு என்றால் இங்கே இரண்டரை. ஆனால் என் சின்ன வயதில் நீங்கள் எழுந்தது இரண்டு மணிக்கு என்று எனக்கு நினைவு. அம்மாவைக் கேட்டேன்.

"மொதல்ல எல்லாம் ரெண்டு மணிக்குத்தான் எழுந்திருப்பாரு. அப்புறம் ரெண்டரை ஆயிடுச்சு. வயசாகுது, எழுந்திரிக்க நேரமாகுதுன்னு நெனச்சேன்."

நீங்கள் ஒருநாளும் நேரம் தவறவில்லை அப்பா. நடுவில் சிங்கப்பூர்தான் தன் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்தது. ஊரில் அந்தப் படையல் அறைக்கு வெளியே எப்போதும் பன்னிரண்டு மணிதான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காய்ச்சலில் செத்ததாகச் சொன்னவர் கையில் உங்கள் பெட்டி எப்படி வந்தது? தவறாகக் கேள்விப்பட்டு வந்து சொன்னாரா? நீங்களே கொடுத்தனுப்பினீர்களா? இரண்டாவது ஆதாரம் இல்லாமல் நான் எதையும் எழுதியதில்லை. இதற்கு இரண்டாவது ஆதாரம் நீங்கள் மட்டும்தான்.

ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. அலமேலு பெரியம்மா இத்தனை காலம் கணவனை இழந்தவர். நான் வாயைத் திறந்தால் அந்த நொடியே கணவனால் கைவிடப்பட்டவர். சொல்லாவிட்டால், உயிரோடு இருந்தவருக்குச் சோறு வைத்துக் கதவைத் தட்டியது தெரியாமலே அவரும் போய்விடுவார்.

"சொல்லணும்டா" என்றார் அம்மா.

"சொன்னா நீங்க ரெண்டாவது ஆகிடுவீங்க."

"ஆகட்டும். நான் யாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொம்பளைக்கும் தெரியணும்ல? படையல் முடியட்டும், அப்புறம் பேசு."

இந்த ஆண்டு துக்கம் என்பதால் சீடை சுடவில்லை. தசமியன்று அம்மா சமைத்து வைத்தார். இருவருமே சாப்பிடவில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டரை ஆனது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அம்மா எழுந்தார். எப்போதும் பிடிக்கும் கைத்தடியை எடுக்கவில்லை. மரக்கதவைத் திறந்தார். இரும்புக் கதவையும் திறந்தார். ஒதுங்கி நின்றார்.

"கேட்டுச்சாம்மா?"

"உனக்குக் கேக்கலையா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "போனைப் போடு" என்றார்.

செல்வி எடுத்தார். நான் யார் என்று இந்த முறை கேட்கவில்லை. "நீங்க கூப்புடுவீங்கன்னு அம்மா போனு பக்கத்துலயே ஒக்காந்திருக்கு. இருங்க, குடுக்குறேன்."

மூச்சு வாங்கும் குரல். நலம் விசாரிக்கவில்லை.

"இன்னிக்கு நான் தட்டுனப்ப அந்தப் பக்கம் கதவத் தொறந்தது யாருப்பா? அவரு இல்லியே. பொம்பளக் கையால்ல தொறந்துச்சு."

அம்மாவுக்கும் கேட்கும்படிதான் போனை வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எங்கம்மா, பெரியம்மா" என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் எதையோ தரையில் வைக்கும் சத்தம்.

"ஒம் பேரு என்ன?"

"கதிரேசன்."

"அவரு என்னிக்குப் போனாரு?"

பங்குனி வளர்பிறை சப்தமி என்று சொன்னேன்.

"நோவுல கெடந்தாரா?"

"இல்ல பெரியம்மா. தூக்கத்துல."

அவர் அழவில்லை. நான்தான் தடுமாறினேன். ஒரு பிழையைப் பார்த்தால் மறுநாளே திருத்தம் போடுகிற பழக்கம் எனக்கு. பழைய பதிவு தவறானது, சிங்கப்பூர்ச் சான்றிதழை அனுப்பி மனுக் கொடுத்தால் அதை ரத்து செய்யலாம், ஆக வேண்டியதை எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதோ அவருக்கு நன்மை செய்பவன்போலப் பேசினேன்.

"ரத்து பண்ணி? அன்னிக்கு நான் அறுத்த தாலியக் கொண்டாந்து கட்டுவியா?"

அவரே தொடர்ந்தார்.

"அது எம் புருசன் சாவு. எங்கிட்ட இருக்கட்டும். ஒங்க சாவ நீங்க வச்சுக்குங்க."

அம்மா போனுக்கு அருகில் குனிந்தார். "அக்கா" என்றார்.

"சாப்டியா?" என்றார் பெரியம்மா.

"இல்லக்கா."

"சாப்புடு போ. பொழுது போவுதுல்ல."

அப்பா, பிழை என்று தெரிந்த ஒன்றைத் திருத்தாமல் விடுவது எனக்கு இதுவே முதல் தடவை. உங்கள் இரண்டு இறப்புகளும் பதிவில் அப்படியே இருக்கும். பங்குனியில் இங்கே திதி கொடுப்பேன். ஆவணியில் ஊருக்குப் போவேன். என்னை வரச் சொல்லிச் செல்வி அக்கா மறுநாளே அழைத்துவிட்டார். பெரியம்மாவுக்கு எழுந்து நிற்க முடியாத ஆண்டு வந்தால் அந்தக் கதவைத் தட்டுகிறவன் நானாக இருப்பேன். தட்டாமல் திறக்க மாட்டேன். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீங்கள் நிதானமாகச் சாப்பிட்டு எழுந்திருங்கள்.

செல்வி அக்காவின் தம்பி,
உங்கள் மகன்
கதிரேசன்