எட்டு நாள்

மாசி 28, வியாழன்.

நினைக்க நினைக்க அருவருப்பாக இருக்கிறது.

ஆறு மாதமாக ஒரே அசதி. இரண்டு வரிசை மிளகாய் பறிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இன்றுதான் வீட்டுக்காரர் சாயல்குடியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டாள், அவர் பதில் சொன்னார். நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேனாம், நன்றாகத் தூங்குகிறேனாம்.

"மாசத்துக்கு எத்தன நாள்க்கா தீட்டுப் போகுது?"

"எல்லாருக்கும் போலத்தேன். ஒரு பாட்டில் ஏத்தி விடுங்க, சரியாப்போயிரும்" என்றார்.

எட்டு நாள் போகிறது. இந்த மனுசனுக்கு அது தெரியாது. தெரியாததைச் சொல்ல வாய் கூசவும் இல்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

விரலில் குத்தி ரத்தம் பார்த்ததும் நர்ஸின் முகம் மாறிவிட்டது. ரத்தம் ரொம்பக் குறைச்சல் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள். டீயோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாதாம், முருங்கைக்கீரையும் நிறையச் சேர்க்க வேண்டுமாம். அவர் வண்டி எடுக்க வெளியே போனதும் என் பக்கம் குனிந்தாள்.

"பச்சரிசி திங்கணும்னு தோணுதாக்கா? ரத்தம் இல்லாதவுகளுக்கு அப்புடித் தோணும். கூச்சப்படாமச் சொல்லுங்க."

"அய்யய்ய, அந்தப் பழக்கமெல்லாம் இல்ல" என்றேன்.

அந்தப் பதிலை அவர் சொல்லவில்லை. நானேதான் சொன்னேன். முந்தானையில் முடிந்து கொண்டுபோயிருந்த அரிசி அப்போது என் மடியில்தான் கிடந்தது.