தம்பிக்காக மிதித்தது

மார்ச் 3
ஆய்வகத்தில் ஊரார் ரத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு, மாலையில் என் உடம்பைக் காட்டப் போனேன். தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க ஆசை மட்டும் போதாதாம். "எடையும் ரத்தக்கொதிப்பும் குறையட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார் டாக்டர். பார்க்கலாமாம்! வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கிடக்கிறவனிடம் இதை எப்படிச் சொல்ல?

மார்ச் 9
டயாலிசிஸ் பிரிவுக்குப் புது மெஷின் வாங்கப் பணம் திரட்ட, செப்டம்பரில் ஏரியைச் சுற்றி சைக்கிள் பயணம் என்று மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பெயர் கொடுத்துவிட்டேன். மெஷினும் வரும், என் எடையும் குறையும். "சைக்கிள் பாவம்" என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 11
கேலி செய்த மனுஷனே, குழாய் சரிசெய்யப் போன வீட்டில் துணி காயப்போட்டு வைத்திருந்த உடற்பயிற்சி சைக்கிளைக் கேட்டு வாங்கித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏப்ரல் 2
மிதி மிதியென்று மிதிக்கிறேன். முழங்கால் கெஞ்சுகிறது. என் எடை இறங்குகிற வரை தம்பிக்கு நாள் இருக்கிறதா? இருக்கும். இருக்கணும்.

மே 18
மானம் போயிற்று. பயணக் குழுவோடு இன்றுதான் முதன்முதலாகச் சாலையில் இறங்கினேன். கால் நன்றாக உரமேறித்தான் இருக்கிறது. ஆனால் நின்ற இடத்தில் நிற்கிற சைக்கிள் சாயாது, சாலையில் ஓடுகிறது சாயும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சின்ன வயதில் ஓட்டியது மறந்தா போகும் என்ற நினைப்பு. முதல் திருப்பத்திலேயே தலைகுப்புற வேலிச்செடிக்குள் விழுந்தேன்.

தம்பியிடம் சொன்னேன். "ரெண்டு மாசமா செவுத்தைப் பாத்து ஓட்டிட்டு வந்தா, ரோடு என்னக்கா பண்ணும்?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

மே 25
மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தம்பி அதட்டுகிறான். "கீழ பாக்காதக்கா! போற எடத்தைப் பாரு!" கொஞ்ச நேரத்தில் அவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். நின்றால் அழுதுவிடுவேன்.

ஜூலை 30
எடை இறங்கிவிட்டது. கொதிப்பு மட்டும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. ஆய்வகத்தில் ஆள் இல்லாத போதெல்லாம் கையில் பட்டையைச் சுற்றி அளக்கிறேன். "பாத்துக்கிட்டே இருந்தா ஏறத்தான் செய்யும்" என்கிறாள் கூட வேலை பார்க்கிறவள். பார்க்காமல் எப்படி இருப்பது?

செப்டம்பர் 14
முடித்துவிட்டேன்! கடைசியாக வந்தவள் நான்தான், அதனால் என்ன? புது மெஷினுக்கு வேண்டிய பணம் சேர்ந்துவிட்டதாம். நாளை மறுநாள் டாக்டர்.

செப்டம்பர் 16
மூன்று தடவை அளந்தார். "இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. ஆனா இது உங்க குடும்பத்துலயே வர்ற கொதிப்பு. உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா."

அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு. இந்த உடம்பை வச்சுக்கிட்டு நான் இனி என்ன பண்ண — வீடு வரைக்கும் வீட்டுக்காரர்தான் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேலிகூட இல்லை.

அக்டோபர் 5
எனக்குத் தெரியாமல் இவர் போய்ப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார். எல்லாம் பொருந்துகிறதாம். "ஒரு வீட்டுல பைப்பு போச்சுன்னா, நம்மகிட்ட இருக்கறதை மாட்டி விட்டுட்டு வர்றதில்லையா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. உயிரைக் கொடுத்து மிதித்தவள் நான், கொடுக்கப் போகிறவர் இவரா? பொறாமைதான், வேறென்ன. அப்புறம் பயம் வந்தது. இரண்டு பேரையும் ஒரே நாளில் உள்ளே அனுப்பிவிட்டு நான் எந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்?

டிசம்பர் 12
இரண்டு பேருக்கும் ஆபரேஷன் முடிந்தது. ஆளுக்கொரு வார்டு. நடுவில் நீள வராந்தா. காலையிலிருந்து அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தேன். மதியம் தம்பியின் கட்டிலருகே நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினாள். சிறுநீர். அவனுக்கு அது நின்று எத்தனையோ மாதமாயிற்று.

இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பாதி மயக்கத்தில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எங்கயும் ஒழுகலையே?"

"ஒழுகலங்க" என்றேன்.